பூட்டுக்கே பூட்டு

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிப் புத்தகத்திலும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊர் முழுக்க அவள் பூட்டுதான்.

பெண்கள் கால்பந்து அணியில் அவள் ஆடியது தடுப்பு வரிசையில், கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக. எதிரணிப் பெண் பந்தோடு பாய்ந்து வருவாள். இவள் அவசரமே படாமல் ஓரடி ஈரடி பின்வாங்கி, வந்தவளைக் கோட்டோரமாக ஒதுக்கிக்கொண்டே போய், கடைசியில் பந்தை மட்டும் தனியே பிரித்து எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். பறிகொடுத்தவளுக்குப் பந்து போனதே சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கும். மைதானத்துச் சுற்றுச்சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த எவனோ ஒருவன் "பூட்டிட்டாடா!" என்று கத்தினான். அடுத்த ஆட்டத்திலிருந்து "பூட்டு போடு, பூட்டு போடு" என்று கூட்டமே ராகம் போட ஆரம்பித்துவிட்டது.

ஐந்து பருவங்கள் ஆடினாள். ஐந்தாவது பருவத்தின் நடுவில் கல்யாணம் நடந்தது. கல்யாணமான பிறகும் ஆடினாள், இறுதி ஆட்டத்தில் முழங்கால் வீங்க வீங்க ஆடிக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தாள். அடுத்த பருவத்துக்கு மைதானத்தின் பக்கமே வரவில்லை.

ஊருக்குக் காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. "கால்கட்டு போட்டாச்சு. கட்டின காலை வச்சுக்கிட்டு எங்கே பந்தை உதைக்கிறது?" என்றார்கள். அவளைக் கட்டிக்கொண்டவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தோளில் பையும் கையில் கேஸ் சிலிண்டருமாகத் தெருவில் போனவரைப் பார்த்து ஒரு வாயாடி சொன்னான்: "இதோ போறாரு பாரு, பூட்டுக்கே பூட்டு போட்டவரு!"

சொல் நன்றாக அமைந்துவிட்டது. நன்றாக அமைந்த சொல்லை ஊர் லேசில் விடாது. ரிப்பேருக்குப் போகிற வீடுகளில்கூட, ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்னால் குனிந்திருக்கும்போது, வீட்டுக்காரர் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார். அவரும் குனிந்தபடியே சிரித்து வைப்பார்.

இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கூரையில் பலகை கட்டிய சின்னக் கார். கற்றுக்கொள்கிறவர் பக்கம் இருப்பதுபோலவே அவள் பக்கமும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. காலை ஆறு மணிக்கு முதல் ஆள் வந்துவிடுவார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மூன்று மாதமாக வந்துகொண்டிருந்தார். எதிரில் சைக்கிள் தென்பட்டாலே ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடு போடுகிறவர். "சார், சாமியை அப்புறம் கூப்பிடலாம், முதல்ல கியரை மாத்துங்க" என்பாள். அவருக்குக் கோபம் வராது. யாருக்குமே அவளிடம் கோபம் வந்ததில்லை. பயந்தவர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து தெருத்தெருவாகச் சுற்றுவது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விட்டால் கை கால் சும்மா இருக்காமல் வீட்டையே புரட்டிப் போடுவாள்.

இந்த நிலையில்தான் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் வந்தார். டயர் கடை வைத்திருப்பவர். பழைய ஆட்டக்காரர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய விளையாட்டு வாழ்க்கைக்காக மேடையேற்றிப் பாராட்டப்போவதாகவும், பெண்களில் இரண்டு பேர், ஒன்று பூட்டு, இன்னொன்று பல்லி என்றும் சொன்னார். பல்லி அந்த அணியின் கோல்கீப்பர். கோல்கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தாவியதால் வந்த பெயர். இப்போது பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ். டாக்டர்களே அவளைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள்.

பூட்டுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்தவருக்குக் காபி கொடுத்தாள். "அன்னிக்கு ஆட்டக்காரங்களை நிறுத்தினீங்க, இன்னிக்கு வண்டிகளை நிறுத்தறீங்க. இதை அறிமுகத்தில சேத்துக்கிறேன் மேடம்" என்றார் செயலாளர். "வண்டியை நிறுத்தறதுக்கு யாரும் எனக்குப் பணம் கட்டலைங்க, ஓட்டறதுக்குத்தான் கட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கீழ்த்தளம் கணவருடைய பட்டறை. கதவு கழற்றிய ஃபிரிட்ஜுகள் பல்லில்லாத வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். செயலாளர் இறங்கிப் போகும்போது அங்கே நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். படிக்கட்டுக்கு மேலே கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு எல்லாமே கேட்டது.

"நீங்க தப்பா எடுத்துக்கலேன்னா ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கல்யாண விஷயத்தையும் சேத்துக்கலாம்னு இருக்கோம். கேக்கறவங்களுக்கு உருக்கமா இருக்கும்."

கணவர் ரப்பர் பட்டையை ஒரு கதவில் பொருத்திக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"சேத்துக்குங்க" என்றார். "நடந்ததுதானே."

மேலே துணி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

செயலாளர் போன பிறகு கீழே இறங்கி வந்தாள். "என்ன நடந்தது?" என்றாள்.

"எது?"

"நடந்ததுதானேன்னு சொன்னீங்களே. என்ன நடந்தது?"

அவர் ரப்பர் பட்டையைக் கடைசி மூலைவரை அழுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கடைசி ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அவளுக்கு முழங்கால் பலாப்பழம்போல வீங்கியிருந்தது. பட்டறையில் சரிபார்க்கப் போட்டிருந்த ஃபிரிட்ஜிலிருந்து ஐஸைக் கொட்டித் துண்டில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். அப்போது வாய் தவறி, "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்று சொல்லிவிட்டார். அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த பருவம் அவள் போகவில்லை.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். ஐஸ் நினைவிருந்தது. துண்டின் கரைகூட நினைவிருந்தது. அவர் சொன்னது மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

"நீங்க சொன்னதாலயா நான் நின்னேன்? யாரு சொன்னது?"

"யாரும் சொல்லணுமா என்ன?"

"அய்யோ, எனக்கு வேணாம்னு தோணிச்சுங்க. போதும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு ஆட்டுகிற தலையாட்டல். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே. சரி விடு. பழைய கதை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபிரிட்ஜுக்கு நகர்ந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் மேல் கோபப்படுவதா, தன் மேலேயே கோபப்படுவதா என்று தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்திருக்கிறார்கள். அவர் இப்படி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். ஊர் கேலி செய்தபோதெல்லாம் சிரித்தது வேடிக்கைக்காக இல்லை, தண்டனையைப்போல வாங்கிக்கொண்டிருக்கிறார்.

உண்மையில் நடந்தது என்ன? அன்றைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அதையே நினைத்துப் பார்த்தாள். சொல்லும்படியாக ஒன்றுமே நடக்கவில்லை. புதுப் பருவத்தின் முதல் பயிற்சி நாள். காலையில் எழுந்து, படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டினாள். ஒரு காலுக்குக் கட்டிவிட்டாள். இன்னொரு காலைத் தூக்கும்போது, போக விருப்பமில்லை என்று தெரிந்தது. உடம்பு வலியில்லை, பயமில்லை, யார் மேலும் வருத்தமில்லை. வயிறு நிறைந்த பிறகு இலையைக் கை தானாக மறைத்துக்கொள்கிறதே, அதுபோல. பயிற்சியாளர் "பந்தைப் பாக்காதே, வர்றவ இடுப்பைப் பாரு, இடுப்பு பொய் சொல்லாது" என்று சொல்லிச் சொல்லி, ஐந்து வருஷமாக யார் யாருடைய இடுப்பையோ பார்த்துப் பார்த்து, கடைத்தெருவில் நடக்கிறவர்களின் இடுப்பைக்கூட விட முடியாமல் போயிருந்தது. அது போதும் என்று இருந்தது. கட்டிய ஷூவையும் அவிழ்த்தாள். வெயில் நன்றாக ஏறும்வரை அந்தப் படியிலேயே சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

முடியாமல் நிறுத்தினாள் என்றால் ஊர் பாவப்படும். யாரோ விடவில்லை என்றால் ஊர் கோபப்படும். நன்றாக வருகிற ஒன்றை ஒருத்தி போதும் என்று வைத்துவிட்டாள் என்றால் அதற்கு என்ன படுவதென்று ஊருக்குத் தெரியாது. பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது அதனால்தான் வாயைத் திறக்காமல் நின்றாள். அவர் புதுக் குடித்தனத்தையும், கொடியில் காய்ந்த கணவருடைய சட்டையையும் பார்த்தார். "புரியுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தானாகவே புரிந்துகொண்டது அவளுக்கும் அன்றைக்குச் சௌகரியமாக இருந்தது.

சாயங்காலம் செயலாளருக்குப் போன் போட்டாள். "அந்தக் கல்யாண விஷயத்தை எடுத்துடுங்க. அது காரணமில்லை" என்றாள். அந்தப் பக்கம் செயலாளர் உருகிவிட்டார். "எனக்குத் தெரியும் மேடம், நீங்க வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க மாட்டீங்கன்னு. அந்தப் பெருந்தன்மையையும் ஒரு வரி சேத்துடறேன்."

மகளிடம் சொல்லிப் பார்த்தாள். மகள் வெளியூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். விழாவுக்காக லீவு போட்டு வந்திருந்தாள். "அம்மா, நீ இன்னும் அப்பாவுக்கு வக்காலத்து வாங்கறதை விடலையா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் முள் இருந்தது. மகள் வெளியூருக்குப் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது தகப்பனார் தயங்கினார். "அம்மாவை நிறுத்தின மாதிரி என்னையும் நிறுத்திடாதீங்க" என்று அவள் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவர் மறுநாளே பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். அவர் ஏன் அப்படி உடனே மடங்கினார் என்பது பூட்டுக்கு இப்போதுதான் விளங்கியது.

விழா நகர மன்றத்தில் நடந்தது. மின்விசிறிகள் சத்தமாகச் சுற்ற, முன்வரிசையில் பழைய ரசிகர்கள், பின்வரிசையில் ஆட்டக்காரர்களின் குடும்பங்கள். மேடையில் ஆறு நாற்காலி. பூட்டுக்குப் பக்கத்தில் பல்லி, நர்ஸ் உடுப்பிலிருந்து நேராக மாற்றிக்கொண்டு வந்தவள், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "உனக்கு எடை போட்டிருக்குடி." "உனக்குப் போடாமலா இருக்கு? இப்ப தாவினா கம்பம் உடையும்." இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

செயலாளர் நன்றாகத்தான் படித்தார். தடுத்த ஆட்டங்களைச் சொன்னார், கோப்பைகளைச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். "ஆனால், திருமணம் என்னும் கால்கட்டு அந்தக் கால்களைக் கட்டிப்போட்டது. எதிரணிகளால் முடியாததைக் குடும்பம் செய்தது. இருந்தும் இன்றுவரை இவர் யாரையும் குறை சொன்னதில்லை." மன்றம் முழுக்க 'உச்' கொட்டியது. பல தலைகள் திரும்பி மெக்கானிக்கைத் தேடின. அவர் மகளுக்குப் பக்கத்தில், முழுக்கைச் சட்டையில், முழங்காலில் கை வைத்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கேடயத்தை வாங்கிக்கொண்டு எல்லாரும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். பூட்டு மைக் முன்னால் போனாள். அவள் மேடையில் பேசியதே இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"கூப்பிட்டு மரியாதை பண்ணினதுக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு விஷயத்தை மட்டும் சரி பண்ணிடறேன். என்னை யாரும் கட்டிப்போடலை. என் வீட்டுக்காரர் ஒரு நாளும் போகாதேன்னு சொன்னதில்லை. நானேதான் நிறுத்தினேன். ஒரு நாள் காலையில படிக்கட்டுல உக்காந்து ஷூ போடும்போது, போதும்னு தோணிச்சு. கழட்டி வச்சுட்டு அங்கேயே வெயில் காஞ்சுக்கிட்டு உக்காந்துட்டேன். நல்லா ஆடினேன், ஆசை தீர ஆடினேன், அப்புறம் ஆசை தீந்துடுச்சு. வேற ஒண்ணுமே இல்லைங்க."

கூட்டத்தில் ஒரு ஓரமாகக் கைதட்டல் தொடங்கி, துணைக்கு ஆள் கிடைக்காமல் நின்றுபோனது. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். ஊரில் எந்த ஆட்டத்தையும் விடாமல் பார்த்த தையல்காரர்.

"அப்போ அடுத்த வருஷம் கோப்பை போச்சே, அது?"

"நான் இல்லாததாலயும் போயிருக்கலாம்."

"சும்மா, போதும்னு தோணினதுக்காகவா?"

"ஆமாங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. இத்தனை வருஷமா ஆளை மாத்தித் திட்டிட்டீங்க."

சிலர் சிரித்தார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை. கள்ளக் காசை நம்பி வாங்கி வைத்திருந்தவர்போல உட்கார்ந்தார். பூட்டு நாற்காலிக்குத் திரும்பியபோது பல்லி முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து கீழே இறங்கும்போது பல்லி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல?"

"இதைத்தான். அடுத்த வருஷம் அரையிறுதியில ஆறு கோல் வாங்கினேன்டி. ஆறு! முன்னாடி நீ நிக்கிற இடம் காலியா கிடந்தது. அழுதுகிட்டே நின்னேன். உனக்காகவும் சேத்து அழுதேன், உன்னை வீட்டுல அடைச்சு வச்சிருக்காங்கன்னு. உன் புருஷன் வார்டுக்கு ஃபிரிட்ஜ் பாக்க வந்தா இன்னிவரைக்கும் நான் உக்காருங்கன்னு சொன்னதில்லை. நீ என்னடான்னா படிக்கட்டுல வெயில் காஞ்சிருக்கே."

வருகிறவளின் இடுப்பைப் பார்த்தே எந்தப் பக்கம் திரும்புவாள் என்று சொல்லக்கூடிய பூட்டு, முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தவளை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. "எனக்கு அது தோணவே இல்லைடி" என்றாள். அதைவிடப் பொருத்தமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பல்லி குரூப் போட்டோவுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு அவள்தான் காரை ஓட்டினாள். கணவர் பக்கத்தில். மகள் பின்னால் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு. பாதி வழியில் சிக்னலில் வண்டி நின்றபோது அவர் கேட்டார்.

"நிஜமாவே நான் சொன்னதால இல்லையா?"

"நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்லைங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "பக்கத்துல உக்காந்து, காலைப் பிடிச்சுக்கிட்டு சொன்னேன். கேக்கலையா?"

"கேக்கலை."

"அப்போ நான் பேசறது எதுவுமே உன் காதுல விழறதில்லையா?"

பின்னால் மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் முன்னால் சாய்ந்து, தகப்பனார் தோளைத் தொட்டாள். "அப்பா, நான் படிக்கப் போறப்போ ஒண்ணு சொன்னேன். சாரிப்பா."

"என்ன சொன்னே? எனக்கு ஞாபகமில்லையே" என்றார் அவர். ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது என்பது கார் கண்ணாடியில் பார்த்த இரண்டு பெண்களுக்கும் தெரிந்தது.

அவர் அதோடு துள்ளிக் குதித்துவிடவில்லை. இரண்டு மூன்று நாள் ஒரு மாதிரியாகவே இருந்தார். ஒரு வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போட வேண்டிய தெர்மோஸ்டாட்டை இன்னொரு வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போட்டார். ஒரு சாயங்காலம் டிவியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்: "இதெல்லாம் உனக்குப் பாக்கப் பிடிக்குமா?"

"எனக்கென்ன, நீங்க ஆசையா போடறீங்களேன்னு உக்காந்திருக்கேன்."

"நானா? எனக்கு இதுல யாரு எந்தப் பக்கம் உதைக்கிறாங்கன்னே தெரியாது. உன்னால ஆட முடியலையே, பாக்கவாவது பாக்கட்டும்னுதான்..."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை உலகக் கோப்பைகள்! எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! ஒருவருக்காக ஒருவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவர் கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். கடைசியில் அது சிரிப்பால் வந்த நீர்தானா என்று அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பல்லியிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பூட்டு இரண்டு முறை போன் செய்தாள், அவள் எடுக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், வகுப்புகளுக்கு நடுவில், காரை நேராக மருத்துவமனைக்கு விட்டாள். பல்லி நர்ஸுகளின் அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. பூட்டு தானாகவே எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆறு கோலைச் சொல்லு" என்றாள்.

"எதுக்கு?"

"சொல்லு. நான் கேட்டதே இல்லையே."

பல்லி சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே முதல் கோலைச் சொன்னாள், வேண்டாவெறுப்பாக. இரண்டாவதைச் சொல்லும்போது கை உயர்ந்தது. மூன்றாவதற்கு உப்பு டப்பா கோல்கம்பமாகவும் தண்ணீர் பாட்டில் எதிரணிப் பெண்ணாகவும் ஆயின. நான்காவதற்கு எழுந்தே நின்றுவிட்டாள். "இப்படி வர்றா, நான் இந்தப் பக்கம் விழுந்துட்டேன், அவ சும்மா உருட்டி விடறா. பாவி!"

பூட்டு ஒன்றையும் விடாமல் கேட்டாள். நடுநடுவே, "அவ எந்தக் கால்?" "அப்போ உனக்கு முன்னாடி யாரு நின்னா?" என்று கேட்டாள். ஆறாவது கோலும் போனபின் பல்லி மூச்சு வாங்க உட்கார்ந்து, அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீ இருந்திருந்தா இதுல எத்தனை நின்னிருக்கும்? உண்மையைச் சொல்லு."

பூட்டு உப்பு டப்பாவையும் பாட்டிலையும் சற்று நேரம் பார்த்தாள்.

"மூணு" என்றாள். "நாலாவது உன் தப்பு."

"என் தப்பா!" என்று பல்லி பாட்டிலை எடுத்து மறுபடியும் நட்டாள். "எங்கே, காட்டு பாப்போம்."

அடுத்த வகுப்புக்காரர் தன் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருப்பார். பூட்டு போனை எடுத்து, வர அரை மணி ஆகும் என்று அவருக்குச் சொல்லிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.